தோட்டத்தோடு வீடு மாறியவள்

உண்ணாமலை அந்த வீட்டுக்குக் குடிவந்த 1994இல், பின்பக்கத்தில் தோட்டம் என்று ஒன்று கிடையாது. ரமணாசிரமத்தைத் தாண்டி செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் அதுதான் கடைசி வீடு. வீட்டுக்காரர் சுப்பிரமணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் சிமெண்ட் கடை. வீட்டைக் கட்டி முடித்தபோது மிஞ்சிய செங்கல் உடைசல், காரைக்கட்டி, உடைந்த ஓடு, உள்ளேயே இறுகிப்போன சிமெண்ட் மூட்டை எல்லாவற்றையும் பின்னால் கொட்டிவிட்டிருந்தார். அதன்மேல் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது.

"பின்னாடி எடத்துல ரெண்டு செடி வெச்சிக்கட்டுங்களாண்ணா?" என்று சாவி வாங்கும்போதே கேட்டாள் உண்ணாமலை.

சுப்பிரமணி சிரித்தார். "அது பூராவும் கல்லும்மா. வெச்சிக்கோ. மொளச்சா எனக்கும் ரெண்டு குடு."

அவள் பிறந்த ஊர் அடி அண்ணாமலை. அப்பாவும் தம்பி மணியும் அங்கே நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் செய்தார்கள். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு மண்ணைத் தொடவே வாய்ப்பில்லாமல் மாடி வீடுகளில் இருந்து அலுத்துப் போயிருந்தாள். புருஷன் சக்கரபாணிக்கு சின்னக்கடைத் தெருவில் தையல் கடை. யாராவது குரலை உயர்த்தினாலே "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு ஊசியைக் கோக்கிற ஆள்.

முதல் வருஷம் அவள் நட்டதெல்லாம் செத்தது. பள்ளம் தோண்டித் தக்காளி வைத்தாள். நாற்று ஒரு வாரம் நிமிர்ந்து நின்றது, பிறகு இலை வெளுத்து, ஓரம் கருகி, அப்படியே சுருண்டது. வெண்டை முளைத்து விரல் உயரத்தில் நின்றுவிட்டது. மண்ணில் கலந்து கிடந்த சுண்ணாம்புதான் வேரைச் சுடுகிறது என்பதைச் செத்த செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. செடி மேல் இல்லை, அந்த இடத்தின் மேல். "நீயா நானா பாத்துடலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள்.

ஒரு கோடை முழுக்க அந்த இடத்தைத் தோண்டிச் சலித்தாள். ஜல்லி சலிக்கிற இரும்புச் சல்லடையை மணி கொண்டுவந்து தந்தான். கல்லையும் காரையையும் தனியாகப் பொறுக்கி மதில் ஓரமாக வரிசையாக அடுக்கினாள். ஆடியில் மழை பெய்ததும் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை நெருக்கமாக விதைத்து, இடுப்பளவு வளர்ந்து பூ வைக்கிற சமயத்தில் அப்படியே வெட்டி மண்ணுக்குள் மடக்கினாள். ஐப்பசி மழைக்கு முன்னால் அடி அண்ணாமலை ஏரி வற்றிக் கிடந்தது. மணி வண்டி வண்டியாக வண்டல் கொண்டுவந்து கொட்டினான். பக்கத்து வீட்டு ஜோதியம்மாளிடம் ஒரு பசு இருந்தது. சாணம் அங்கிருந்து மதில் தாண்டி வந்தது. அடுத்த தையில் அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. அவள் அதை மோந்து பார்த்துவிட்டு சக்கரபாணியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மழ வாசன வருதா?"

"ஏதோ வருது," என்றார் அவர்.

அதற்கப்புறம் அந்தச் சந்தில் நடந்துபோகிறவர்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். கத்தரி, மிளகாய், தக்காளி, பந்தலில் அவரை, மதில் மேல் பீர்க்கு. கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வழியில் வாழையும் சேம்பும். வீட்டுப் பக்கமாகப் பூ: குண்டுமல்லி இரண்டு புதர், கனகாம்பரம், சாமந்தி, பன்னீர் ரோஜா, மார்கழி வந்தால் ஊதாவாகப் பூத்துத் தள்ளுகிற டிசம்பர் பூ. ஓரத்தில் கறிவேப்பிலை, முருங்கை.

எல்லாம் சுலபமாக வரவில்லை. அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டபோது விடியற்காலையில் பனி ஈரம் காய்வதற்கு முன்னால் அடுப்புச் சாம்பலைத் தூவினாள். ஈரத்தில்தான் சாம்பல் ஒட்டும், வெயில் வந்த பிறகு தூவினால் காற்றோடு போய்விடும் என்பதை இரண்டு தடவை வீணடித்த பிறகு தெரிந்துகொண்டாள். கறிவேப்பிலை வளராமல் அடம்பிடித்தபோது புளித்த மோரில் தண்ணீர் கலந்து ஊற்றினாள். மல்லியைப் பார்த்துப் பார்த்து வெட்டாமல் விட்ட வருஷம் அது வெறும் இலையாகக் கொழுத்தது. மார்கழி கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையை உருவிப் போட்டுத் தண்ணீரைக் குறைத்த வருஷம், பங்குனியிலிருந்து பறித்து மாளவில்லை.

"என் கத்திரிச் செடி நுனியெல்லாம் தொங்கிப்போவுதுடி," என்று ஜோதியம்மாள் மதிலோரம் வந்து புலம்புவாள்.

"வாடின கொழுந்தப் பாத்த ஒடனே கிள்ளி அடுப்புல போடுங்கக்கா. புழு அதுக்குள்ளதான் இருக்குது. கிள்ளி அங்கயே போட்டீங்கன்னா பக்கத்துச் செடிக்கு நடந்துபோயிடும்."

சுப்பிரமணி வீட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பை காய் போனது. அவர் கேட்டதை அவள் மறக்கவில்லை.

1999 கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் கலைந்த சமயம். உண்ணாமலை பந்தலின் கீழே அவரை பறித்துக்கொண்டிருந்தாள். சுப்பிரமணி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியோடு பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நரைத்த முடியைக் கொண்டையாகப் போட்டு, நூல் புடவை கட்டியிருந்தாள் அந்த அம்மாள். ஹெல்கா என்று பெயர். ஆசிரமத்துக்கு வருஷா வருஷம் வருகிறவள்.

"மை கார்டன்," என்று கையை வீசிக் காட்டினார் சுப்பிரமணி. "ஆல் மை கார்டன்."

ஹெல்கா டிசம்பர் பூவின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். உண்ணாமலையைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள், தோட்ட வேலை செய்கிற ஆளைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

மறுநாளே சுப்பிரமணி தனியாக வந்தார்.

"தை மாசத்தோட வீட்டக் காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா."

"இன்னாத்துக்குங்கண்ணா? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

"தப்பெல்லாம் இல்ல. அந்தம்மா வருஷம் முழுக்க இங்கயே இருக்கப் போவுதாம். வெள்ளக்காரங்க குடுக்கற வாடக ஒனக்குத் தெரியாததா? அதுக்கு இந்தத் தோட்டம் ரொம்பப் புடிச்சிபோச்சி."

"தோட்டம் புடிச்சதுக்குத் தோட்டம் போட்டவள வெளிய அனுப்பறீங்களா?"

வாசல் வரை போன சுப்பிரமணி திரும்பி நின்றார். "இன்னொண்ணு. போறப்போ பாத்திரம் பண்டத்த எடுத்துனு போங்க. செடி கொடில கை வெக்கக்கூடாது. வேரு என் நெலத்துல இருக்குது. அது வீட்டோட சேந்தது."

உண்ணாமலையின் மடியில் அவரைக்காய் நிறைந்திருந்தது. அவர் போன பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றாள். அந்த மண்ணில் அவள் கை படாத இடம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை சுப்பிரமணி வீட்டுக்குக் காய்ப் பை போகவில்லை.

சக்கரபாணி கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வுடு. ஊர்ல வீடா இல்ல? போற எடத்துல வேற செடி வெச்சிக்கலாம். பெரிய மனுஷங்கிட்ட வம்பு வேணாம்."

"வீடு அவருது. காலி பண்ணச் சொன்னா பண்ணிடலாம். செடி என்னுது. அது என்கூட வரும்."

"இத்தினி வருஷத்துச் செடியப் பேத்தா பொழைக்குமா?"

"பொழைக்கறது பொழைக்கட்டும், போறது போவட்டும். இங்க வுட்டுட்டு மட்டும் போமாட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா ஒரு ராத்திரில, சத்தம் போடாம, மணிய வரச்சொல்லி..."

"ராத்திரில எடுத்தா திருட்டு," என்றாள் உண்ணாமலை. "பட்டப்பகல்ல எடுத்தா என்னுது."

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே ஓய்வுபெற்ற நர்ஸ் கன்னியம்மாள் தன் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். உண்ணாமலை சமையலறையைப் பார்க்கவில்லை. நேராகப் பக்கவாட்டில் கிடந்த காலி இடத்துக்குப் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, மண்ணைச் சுரண்டிப் பார்த்தாள். சரளை. ஆனால் சுண்ணாம்பு இல்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். உப்புக் கரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றாள் கன்னியம்மாளிடம். "இங்க நான் செடி வெப்பேன். அது என்னுதா, ஒங்களுதா?"

கன்னியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். "இன்னும் குடியே வரல. அதுக்குள்ள பங்கு பிரிக்கறியே!"

"மொதல்லயே கேட்டுடறது நல்லதும்மா. கேக்காம ஒரு வாட்டி பட்டுட்டேன்."

நடந்ததை சக்கரபாணி தயங்கித் தயங்கிச் சொன்னார். கன்னியம்மாள் முழுசாகக் கேட்டாள். "வெக்கற செடி ஒன்னுது. போறன்னிக்கி எடுத்துனு போ. இருக்கற வரைக்கும் எனக்கு வெள்ளிக்கெழம தலைக்குப் பூவு வேணும். சரியா?"

"ஒரு மொழமா, ரெண்டு மொழமா?" என்றாள் உண்ணாமலை.

தை முடிய இன்னும் நாள் இருந்தது. அதற்குள் செய்ய வேண்டியது ஏராளம். பெரிய செடியை ஒரே நாளில் வெட்டிப் பெயர்த்தால் அதிர்ச்சியில் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். மல்லிப் புதர்களை வழக்கம்போலவே கவாத்து வெட்டினாள். பிறகு தூரைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் அரைவட்டமாகப் பள்ளம் எடுத்து, வெளியே ஓடின வேர்களை அறுத்து, பள்ளத்தை மக்கின எருவால் நிரப்பினாள். சில நாள் விட்டு அடுத்த பக்கம். வெட்டின வேர் அந்த எருவுக்குள் புதுசாக முடிமுடியாக வேர்விடும், அப்புறம் கட்டியாகப் பெயர்த்து எடுக்கலாம். அதுவும் தவறிப்போனால் என்று, நீண்ட கிளைகளை வளைத்து மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்துப் பதியம் போட்டாள். ரோஜாக் குச்சிகளைச் சாய்வாக வெட்டி, மேல்முனையில் சாண உருண்டை வைத்து, மண் நிரப்பிய சாக்கில் நட்டாள். முற்றிய கத்தரியையும் தக்காளியையும் பறிக்காமல் விட்டு விதை எடுத்தாள்.

சுப்பிரமணி ஒருநாள் வந்து இதையெல்லாம் பார்த்தார்.

"இன்னாம்மா பண்றே?"

"வேரு அறுக்கறேன்ணா. அப்பதான் பேக்கறப்போ சாவாது." ஒளிக்காமல் சொன்னாள். "தை கடைசி ஞாயித்துக்கெழம எடுத்துனு போறோம். காலைல வண்டி வருது."

அவர் முகம் கறுத்தது. அன்று சாயங்காலம் கிணற்று மோட்டார் ஓடவில்லை. ஃபியூஸ் கட்டையைக் காணோம். கேட்டு அனுப்பியதற்கு "ரிப்பேர்" என்று பதில் வந்தது.

உண்ணாமலை அதற்காக ஒருவரிடமும் கெஞ்சவில்லை. வீட்டுக்கு வேண்டியதை மட்டும் கயிறும் வாளியுமாக இறைத்துக்கொண்டாள்; தோட்டம் முழுக்க அப்படி இறைத்து மாளாது. குளிக்கிற தண்ணீரைச் சேம்புக்குப் போக விடாமல் அண்டாவில் பிடித்தாள். அரிசி கழுவின தண்ணீர் மிளகாய்க்கு. செடிகளின் அடியில் காய்ந்த இலையும் வைக்கோலும் கெட்டியாகப் பரப்பி ஈரத்தைக் காபந்து பண்ணினாள். மூன்றாம் நாள் மதிலுக்கு மேலே ஒரு ஓஸ் பைப் நீண்டு வந்தது. அந்தப் பக்கம் ஜோதியம்மாளின் குரல் கேட்டது.

"புடிடி. எங்கூட்டு மோட்டாரு ரிப்பேர் ஆவல."

"அவருக்குத் தெரிஞ்சா ஒங்களுக்குத்தான்க்கா கஷ்டம்."

"தெரியட்டும். எம் மாட்டுச் சாணியும்தான் அந்த மண்ணுல இருக்குது. கேக்க எனக்கும் நாயம் இருக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் மணி டிராக்டரோடு வந்துவிட்டான். காலையில் பெயர்த்து சாயங்காலத்துக்குள் நட்டுவிட வேண்டும் என்று உண்ணாமலை சொல்லியிருந்தாள். முதல் மல்லிப் புதரின் அடியில் அவள் கடப்பாரையை இறக்கியபோதே சுப்பிரமணி வந்துவிட்டார். கடையில் மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர் கூட. சந்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"கடப்பாரையக் கீழ வைம்மா! வெச்சிடு, சொல்லிட்டேன்! போலீசுக்குச் சொல்லியனுப்புவேன்."

"அனுப்புங்கண்ணா. சாயந்தரமா வரச்சொல்லுங்க. அதுக்குள்ள வேல முடிஞ்சிடும்."

அவள் நிறுத்தவில்லை. வேர்க்கட்டியைச் சுற்றி ஈரச் சாக்கை இறுக்கிக் கட்டினாள். மணி அந்தப் பக்கம் பிடித்தான். இருவரும் தூக்கினார்கள். சுப்பிரமணி பக்கத்தில் இருந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் அசையாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெண்பிள்ளை கையிலிருந்து செடியைப் பிடுங்க அவனுக்கு மனசில்லை.

அந்தச் சமயத்தில் சக்கரபாணி வந்தார். அன்றைக்குத் தர வேண்டிய கல்யாணத் துணி இருந்ததால் விடியற்காலையிலேயே கடைக்குப் போய்விட்டு ஓடிவந்திருந்தார். கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. சுப்பிரமணி அவரைப் பார்த்ததும் குரலை மாற்றினார்.

"நீயாவது சொல்லு சக்கரபாணி. நீ நாலு பேருக்குச் சட்ட தைக்கறவன். தச்சிக் குடுத்தப்புறம், போட்டுனு போறவன் ஒடம்புலருந்து நான்தான் தச்சேன்னு உருவுவியா?"

எல்லோரும் சக்கரபாணியைப் பார்த்தார்கள். அவர் வழக்கம்போல "சரிங்க" என்பார் என்றுதான் உண்ணாமலையும் நினைத்தாள். அவர் டேப்பின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டார்.

"கூலி குடுக்காம போட்டுனு போனா உருவுவேங்க," என்றார்.

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். சுப்பிரமணியின் காது சிவந்தது. சக்கரபாணி சட்டையைக் கழற்றி மதில் மேல் போட்டுவிட்டு, பனியனோடு போய் இரண்டாவது மல்லிப் புதரின் அடியில் உட்கார்ந்தார். மண்வெட்டியை அவர் தப்பாகப் பிடித்திருந்ததைப் பார்த்து மணி ஓடிவந்து சரியாகப் பிடிக்கவைத்தான்.

கனகாம்பரம் டிராக்டரில் ஏறியது, சாமந்தி ஏறியது, வாழைக்கன்று ஏறியது. பிறகு அவர்கள் மண்ணை அள்ளத் தொடங்கினார்கள். பாத்தியின் மேல்மண், கறுப்பாக, மண்புழுவோடு, கூடை கூடையாக டிராக்டரில் ஏறியது. சுப்பிரமணிக்கு அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"மண்ணுமா! அது எங்க அப்பன் பாட்டன் சொத்துடி!"

உண்ணாமலை அப்போதுதான் நிமிர்ந்தாள். முகமெல்லாம் மண்.

"'டி' போட்டுப் பேசாதீங்க. ஒங்க அப்பன் பாட்டன் மண்ணு கீழ அப்படியே இருக்குது. நான் அதத் தொடல. இது எங்க ஊரு ஏரி வண்டலு, எங்கக்கா மாட்டுச் சாணி, நான் மடக்கின சணப்பு. நான் வந்தப்போ நீங்க எனக்குக் குடுத்தது கல்லும் காரையும். அதையும் நான் தூக்கிப் போடல. பத்திரமா வெச்சிருக்கேன்."

மதில் ஓரம் அடுக்கியிருந்த கற்களை நோக்கி நடந்தாள். ஒரு கூடை நிறைய அள்ளி, மண் எடுத்த இடத்தில் கொட்டினாள். செங்கல் உடைசல் கலகலவென்று விழுந்தது. இன்னொரு கூடை. மணியும் சக்கரபாணியும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஜோதியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்து அவளும் ஒரு கூடை அள்ளினாள். கல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கு நடுவில்தான் ஹெல்கா சைக்கிளில் வந்தாள். இறங்கியவள் அப்படியே நின்றாள். அவளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "தோட்டம் யாரு?" என்று கேட்டாள். சந்தில் இருந்த அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல உண்ணாமலையைக் காட்டினார்கள். ஹெல்கா சுப்பிரமணியைப் பார்த்தாள். அவர் கடையில் லோடு வருவதாக ஏதோ சொல்லிக்கொண்டே ஆட்களை அழைத்துக்கொண்டு நகர்ந்தார். அந்த அம்மாளின் முகத்தில் இருந்தது கோபமா ஏமாற்றமா என்று உண்ணாமலைக்குப் புரியவில்லை. ஆசைப்பட்ட ஒன்று கண்ணெதிரே கல்லாகிக்கொண்டிருந்தது, பாவம். டிசம்பர் பூக் குச்சி வேர்விட்டிருந்த தொட்டி ஒன்றை உண்ணாமலை கொண்டுவந்து அந்த அம்மாளின் கையில் வைத்தாள். ஹெல்கா அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள்.

முருங்கையைப் பெயர்க்க முடியவில்லை. கிளைகளை மட்டும் நடுவதற்காகக் கழித்து எடுத்துக்கொண்டு மரத்தை விட்டார்கள். போலீஸ் வரவேயில்லை.

வேங்கிக்காலில் முதல் சில வாரங்கள் மோசமாக இருந்தன. கத்தரி மொத்தமும் போனது. பன்னீர் ரோஜாவின் தாய்ச்செடி மூன்றே நாளில் கருகியது. மல்லிப் புதர்களில் ஒன்று மெல்ல மெல்லக் காய்ந்தது. தினமும் காலையில் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பாள், பச்சை தெரிகிறதா என்று. ஒருநாள் அடிவரைக்கும் பழுப்பாக இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கல்லைக் கொட்டிவிட்டு வந்த வீம்பில் செடியைக் கொன்றுவிட்டோமோ என்று முதல்தடவையாக நினைத்தாள். அழுதாள்.

சக்கரபாணி கடையில் சேர்ந்திருந்த வெட்டுத் துணிகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்து ஒரு பெரிய விரிப்பாகத் தைத்துக்கொண்டு வந்து, நான்கு கம்பு நட்டு, மிஞ்சிய செடிகளுக்கு மேலே நிழலாகக் கட்டினார். சிவப்பு, மஞ்சள், கோடு போட்டது, பூப் போட்டது என்று அது பொம்மைக் கடைபோல இருந்தது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். "சிரிக்கட்டும். வெயிலு உள்ள வருதா பாரு," என்றார்.

வரவில்லை. பங்குனியில், மிஞ்சிய மல்லிப் புதரில் கணுவுக்குக் கணு தளிர் வந்தது. பதியம் போட்டது ஒன்றுகூடச் சாகவில்லை. விதையிலிருந்து வந்த தக்காளி அந்தச் சரளையின் மேல் கொட்டின கறுப்பு மண்ணில் ஏதோ அங்கேயே பிறந்த மாதிரி வளர்ந்தது. வைகாசியில் கன்னியம்மாள் வெள்ளிக்கிழமை மட்டுமல்லாமல் எல்லா நாளும் பூ வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் சுப்பிரமணி வந்தார். திண்டிவனம் ரோட்டில் ஒரு வேலை, அப்படியே வந்தேன் என்றார். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். ஹெல்கா வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்தடுத்து வந்து பார்த்தவர்களும் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நர்சரியிலிருந்து புல்லும் குரோட்டன்சும் வாங்கிவந்து வைத்திருக்கிறார். எல்லாம் வெளுத்துச் செத்துவிட்டது.

"நீயே வந்து ஒரு தோட்டம் போட்டுக் குடும்மா. ஆளு வெச்சிக்கோ. கூலி, எருவு, எல்லாம் என் பொறுப்பு."

"வர்றதுக்கில்லண்ணா."

"அதான் கூலி தரேன்றனே."

"கூலிக்காக இல்ல. நான் போட மாட்டேன்."

"அவ்ளோ திமிரா?"

"ஆமாங்கண்ணா," என்றாள் உண்ணாமலை அமைதியாக. "ஆனா எப்படிப் போடறதுன்னு சொல்லித் தரேன். புல்லு குரோட்டன்சு எல்லாம் இப்ப வேணாம். மண்ணுல சுண்ணாம்பு ஜாஸ்தி. மொதல்ல கல்லப் பொறுக்குங்க. ஆளு வெச்சி இல்ல, நீங்களே ஒரு தபா பொறுக்குங்க. அப்புறம் சணப்பு வெதச்சி மடக்குங்க. ஒரு வருஷம் ஒண்ணும் வராது. அதுக்கு மேல வரும்."

சுப்பிரமணி எழுந்து போனார். அவர் பொறுக்கினாரா இல்லையா என்று உண்ணாமலை விசாரிக்கவே இல்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

கன்னியம்மாள் வீட்டு மதிலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இரண்டு முழ அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு நிலம் சும்மா கிடந்தது. முள்ளும் பாலித்தீன் பையும் நிறைந்து. மறுநாள் காலையில் அவள் அங்கே மண்வெட்டியோடு இறங்கினாள். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்திருந்த கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார்.

"ஏம்மா, அது ரோட்டு எடமாச்சே. யாரக் கேட்டு வெட்டறீங்க? நாளைக்கு ரோட்ட அகலப்படுத்தினா எல்லாம் போயிடுமே."

"நாளைக்குத்தானேங்க அகலப்படுத்துவாங்க," என்றாள் உண்ணாமலை. "முளைக்கீரைக்கு ஒரு மாசம் போதும். ஒங்க வீட்டுக்கு ரெண்டு கட்டா, மூணு கட்டா?"

அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார். அவள் அதற்குள் விதையில் மணலைக் கலந்து, கை நிறைய அள்ளி, குனிந்து தூவத் தொடங்கியிருந்தாள்.